ரெண்டு ரூமும் வேணும்

ஐயையோ, பயப்படாதீங்கக்கா, மயக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கேன். சும்மா படுத்துப் பாக்கறேன், அவ்வளவுதான். தண்ணியெல்லாம் வேணாம், அதுக்குன்னு கீழ இறங்கி மறுபடி ஏறாதீங்க, முட்டி வலின்னு இப்பதானே சொன்னீங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ம், இப்பதான் எனக்கும் நிம்மதி.

எந்த ரூமப் பாக்கப் போனாலும் நான் முதல்ல தரையிலதான் படுப்பேன். சுவரு, பெயின்ட்டு, அலமாரி இதெல்லாம் நின்னுக்கிட்டுப் பாக்கறவங்களுக்கு. எங்க ஆளுங்க ரூமுக்குள்ள வந்ததும் படுக்கத்தான் எடம் தேடுவாங்க. படுத்தா கதவு கண்ணுக்குத் தெரியணும். தெரியுது. மாடிப்படியில யாராவது ஏறினா காதுல விழணும். நீங்க ஏறி வந்தது ஒவ்வொரு படியா விழுந்துச்சு, நடுவுல ஒரு தடவை கடவுளே கடவுளேன்னீங்க, அதுவும் விழுந்துச்சு. போன மாசம் ஒரு ரூம் பாத்தேன், டைல்ஸ் என்ன, ஜன்னல் என்ன, பாக்க அவ்வளவு அழகு. படுத்தேன். கொஞ்ச நேரத்துல முதுகுக்கு அடியில கடகடன்னு அதிருது. என்னன்னு பாத்தா கீழ அச்சாபீஸ்! மதியம் மிஷின நிறுத்தற நேரமாப் பாத்து என்னை வரச் சொல்லியிருக்காரு அந்த மனுஷன். பெருமை பேசிக்கிட்டே நேரத்த விட்டுட்டாரு, சாப்பாட்டு வேளை முடிஞ்சு மிஷின போட்டுட்டாங்க. மூஞ்சிய பாக்கணுமே.

இந்த ரூம்ல ஒரே குறை, ஃபேன் முனகுது. எண்ணெய் விட்டா வாய மூடிக்கும். எனக்குத்தான் அந்த வைத்தியமும் பலிக்காது.

ஆமா, போன்ல பேசினது நான்தான். வீடில்லாதவங்க தங்கற அந்த விடுதிக்கு நான்தான் பொறுப்பு. டைரக்டர்னு போர்டெல்லாம் போட்டு வச்சிருக்காங்க, ஒரு டைரக்டர் இப்படிக் கையக் கால நீட்டிக்கிட்டு தரையில கெடக்கறாளேன்னு பாக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. ஆபீஸ்ல இருக்கற மத்தவங்க இதச் செய்ய மாட்டாங்க, துணி அழுக்காயிடும். அவங்க டேப்ப வச்சு நீளம் அகலம் அளப்பாங்க. எனக்கு அளக்கத் தெரியாது, படுக்கத் தெரியும். தெருவுல படுத்தவ இல்லையா.

நெசமாத்தான்க்கா. ஏன், தெருவுல இருந்தவங்கன்னா நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கும்? அண்ணன் வீட்டுல இருந்தேன். ஒரு நாள் அண்ணிக்கும் எனக்கும் வாய்ச்சண்டை. எதுக்குன்னு கேட்டா சிரிப்பீங்க, ஒரு வாளி. அவங்க வாளிய நான் எடுத்துட்டேனாம். ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு, ஒரு பையில துணிய அள்ளிப் போட்டுக்கிட்டு கிளம்பிட்டேன். கூட வேலை பாத்தவ ஒருத்தி வீட்டுல கொஞ்ச நாள் இருந்தேன். அண்ணன் தேடிக்கிட்டு வருவான், கெஞ்சுவான், நாலு பேச்சுப் பேசிட்டுப் போகலாம்னு ஒரு கணக்கு. வரல. சரி, நம்ம அண்ணன்தானே, நாமளே எறங்கிப் போவோம்னு போயி கதவத் தட்டினா வேற யாரோ தெறக்கறாங்க. உள்ள யாரோ ஒரு கொழந்தை அழுவுது. வீட்ட மாத்திக்கிட்டுப் போயிட்டாங்கக்கா. எங்க போனாங்கன்னு அக்கம்பக்கத்துலயும் சொல்லிக்கல. அந்த வாசல்ல நின்னப்ப எனக்கு அழுகையே வரல பாருங்க. அந்த வாளியையும் எடுத்துட்டுப் போயிருப்பாங்களான்னு யோசிச்சேன்.

அப்புறம் என்ன, பஸ் ஸ்டாண்டு. அங்க ஒரு தொழில் ரகசியம் இருக்கு, சொல்றேன் கேளுங்க. பை வச்சிருக்கறவங்கள எழுப்ப மாட்டாங்க, பயணின்னு நெனைச்சுக்குவாங்க. அதனால தலைய நல்லா வாரி, பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, எந்நேரமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரியே உக்காந்திருப்பேன். மைக்குல ஏதாவது ஊரு பேரச் சொன்னா எழுந்து நிப்பேன், புடவையச் சரி பண்ணுவேன், ரெண்டு எட்டு நடந்துட்டு வேற பெஞ்சுல போய் உக்காருவேன். டீக்கடைக்காரர் என்னைப் பாக்கறப்பல்லாம் நல்லபடியா போயிட்டு வாங்கம்மான்னுவாரு. நானும் வர்றேண்ணேன்னுவேன். மறுநாள் அங்கயே நிப்பேன். பாவம், அவருக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கும்.

அங்கதான் ஜட்ஜப் பாத்தேன். போன்ல சொன்னேனே, இந்த ரூம் யாருக்குன்னு, அந்த மனுஷன்தான். நெச ஜட்ஜு இல்ல, பட்டப்பேரு. அந்தக் காலத்துல லிஃப்ட் மெக்கானிக். ஆயுசு பூரா ஊராரை மேல ஏத்தி விட்டுட்டு தான் கீழயே நின்னுட்டேன்னு அவரே சொல்லுவாரு. எது நடந்தாலும் ஒரு தீர்ப்புச் சொல்லணும் அவருக்கு. டீயில தண்ணி ஜாஸ்தி, தள்ளுபடி. இந்தப் போலீஸ்காரர் தங்கமானவரு, விடுதலை. நான் நாலாவது தடவை எழுந்து புடவையச் சரி பண்றப்ப பக்கத்து பெஞ்சுலேருந்து கேக்கறாரு, ஏம்மா, நீ போற ஊருக்கு இன்னும் ரோடே போடலியான்னு. எனக்கு வந்த சிரிப்பு இருக்கே! எத்தனையோ நாளைக்கு அப்புறம் வாய் விட்டுச் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும்தான் அழுகை வந்துச்சு. அவரு என் பக்கம் திரும்பாம, அந்த மஞ்சக் கட்டடத்துல ஏழைபாழைங்களுக்கு ராத்திரி தங்க எடம் குடுக்கறாங்க, பாத்திரம் தேய்க்க ஆளும் கேக்கறாங்க, போன்னாரு. நீங்க வரலியாண்ணேன்னேன். நாலு சுவரு எனக்கு ஒத்துக்காது, தள்ளுபடின்னுட்டாரு.

பாத்திரம் தேய்க்கப் போனவதான் நான். அப்புறம் சமையலு, அப்புறம் ஸ்டோர், அப்புறம் ராத்திரி பொறுப்பு, அப்படியே இந்த போர்டு வரைக்கும் வந்தாச்சு. ஜட்ஜு மட்டும் அசையல. மழைன்னா பாலத்துக்கு அடியில, வெயில்னா பஸ் ஸ்டாண்டுல. இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கறாரு, நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. திங்கக்கிழமை வீட்டுக்கு அனுப்பறோம்னுட்டாங்க. வீட்டுக்காம்! டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, இன்னொரு தடவை வெளிய படுத்தாருன்னா திரும்ப இங்க வர மாட்டாரு, நேரா மேலதான்னுட்டாங்க. அதனாலதான் உங்களுக்குப் போன் மேல போன் போட்டேன், தொல்லைன்னு நெனைச்சிருந்தா மன்னிச்சுக்கோங்க.

கேளுங்க, நல்லா வாய் விட்டுக் கேளுங்க. கேக்காம மனசுக்குள்ள வச்சுக்கிட்டு அப்புறம் ராத்திரியில எழுந்து எழுந்து தாழ்ப்பாளப் பாக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். குடிப்பாரா? முன்னாடி குடிச்சாரு, இப்ப விட்டுட்டாரு, அதுக்கும் தானே தீர்ப்புச் சொல்லிக்கிட்டாரு. சத்தமா? இருமுவாரு. அது கேக்கும். தீர்ப்பும் கேக்கும், உங்க சமையலுக்கும் சேத்து. ஆள் யாராவது தேடி வருவாங்களா? நான் வருவேன். வாடகை மாசாமாசம் ஆபீஸ்லேருந்தே வந்துடும், அதுக்கு நீங்க ஒருத்தர் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு நிக்க வேண்டாம்.

உங்க பையன் வேணாம்னு சொன்னாரா? சொல்லுவாருக்கா, எங்கேயோ உக்காந்துக்கிட்டு அம்மாவ நெனைச்சா பயம் வரத்தானே செய்யும். நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன். ஆனா இதுக்கு முன்னாடி இருந்தவரு யாரு? பெரிய கம்பெனியில வேலை, கழுத்துல அட்டை, வாய் நெறய இங்கிலீஷு. போறப்ப என்ன செஞ்சாரு? பாத்ரூம் குழாயெல்லாம் கழட்டிக்கிட்டுப் போயிட்டாரு! வர்றப்பவே பாத்தேன், குழாய் இருந்த எடத்துல துணிய சுத்தி அடைச்சு வச்சிருக்கீங்க. எங்க ஆளுங்க அதெல்லாம் செய்ய மாட்டாங்க. செஞ்சாலும் தெரிஞ்சுடும், ஒரு பை, ஒரு போர்வை, அதுக்கு நடுவுல அத்தனை குழாயி எப்படிக்கா வைப்பாங்க?

எங்க ஆளுங்க வேற மாதிரித் தப்புப் பண்ணுவாங்க. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். ஒருத்திக்கு ரேடியோன்னு பேரு வச்சிருந்தோம், பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. ரூம் கெடைச்ச மறுநாள் ஹவுஸ் ஓனரு எனக்குப் போன் பண்றாரு. உங்க ஆளு ஃபேன் போடலாமான்னு கேக்குது, லைட்டு போடலாமான்னு கேக்குது, விடிகாலையில கதவத் தட்டி பாத்ரூம் போகட்டுமான்னு கேக்குதுங்கறாரு. பாவம் அவரு, ஆமா போம்மா போம்மான்னு சொல்லிச் சொல்லி தொண்டை கட்டிக்கிச்சு. இன்னொருத்தரு, சாவி தொலைஞ்சிடுமோன்னு பயந்து கதவுக்கு வெளிய ஆணி அடிச்சு அதுல மாட்டி வச்சிருந்தாரு. கேட்டா, இங்க இருந்தா தெருவுல போற எல்லாரும் பாத்துக்குவாங்க, பத்திரமா இருக்கும்ங்கறாரு. அவரு சொல்றதும் ஒரு நியாயந்தான். வெளிய இருக்கறப்ப நாலு பேரு கண்ணுல பட்டாத்தான் பத்திரம்.

அதனால நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். சாவி குடுத்த அன்னிக்கு அவங்கள உள்ள விட்டு, கதவச் சாத்தச் சொல்லிட்டு, நான் வெளிய நிப்பேன். தட்டுவேன். உள்ளேயிருந்து யாருன்னு கேக்கணும். நான்தான்னுவேன். இப்ப முடியாது, அப்புறமா வான்னு சொல்லணும். அவ்வளவுதான். கேக்கச் சுலபமா இருக்கில்ல? ஒருத்தருக்கும் வராது! தட்டின கைய எடுக்கறதுக்குள்ள கதவு தொறந்துடும், வாங்க வாங்கன்னு சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. ரேடியோவுக்கு ஆறேழு தடவை தட்ட வேண்டியிருந்துச்சு. கடைசித் தடவை உள்ளேயிருந்து கொரலு வருது, இப்ப முடியாதுக்கா, அப்புறமா வாங்கக்கா, கோச்சுக்காதீங்கக்கான்னு. வாசல்ல நின்னுக்கிட்டு நான் கை தட்டினேன். எதிர் வீட்டுக்காரங்க எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனைச்சிருப்பாங்க. போன வாரம் போயிருந்தேன், நெசமாவே என்னை வெளிய நிக்க வச்சுட்டா, தலைக்கு எண்ணெய் தேச்சுட்டு இருக்கேன் அப்புறமா வாங்கன்னு. எவ்வளவு சந்தோஷமாத் திரும்பி வந்தேன் தெரியுமா?

ஜட்ஜு சம்மதிச்சாரான்னு கேக்கறீங்களா? அங்கதான் வர்றேன். இதுக்கு முன்னாடியும் ரூம் காட்டியிருக்கேன், எல்லாம் தள்ளுபடி. ஒண்ணுல ஜன்னல் சின்னது, ஒண்ணுல ஓனரு மூக்கு சரியில்ல. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக் கட்டில்ல வச்சு, காலப் பிடிக்காத குறையா கேட்டேன். சரின்னுட்டாரு. ஆனா ஒரு கண்டிஷன். பக்கத்து ரூமுக்கு யாரு வரணும்னு அவருதான் சொல்லுவாராம். அந்த ஆளு வந்தா அவரு வருவாரு, வரலன்னா வர மாட்டாரு. ஒத்தக் கால்ல நிக்கறாரு. அதனாலதான்க்கா, எனக்கு ஒரு ரூம் போதாது. இதோ இந்த ரூமும் வேணும், எதிர்ல இருக்கற அந்த ரூமும் வேணும்.

யாரா? ஒரு பொம்பளைதான். ஐயய்ய, அந்த மாதிரி எதுவும் இல்லக்கா, நீங்க வேற! அவருக்கு அப்பா வயசு இல்லன்னாலும் பெரியண்ணன் வயசு. அவ வேலைக்குப் போறவ, சம்பளம் வருது, தன் வாடகைய தானே குடுத்துடுவா. தனியாள், இத்தனை வருஷத்துல தனக்குன்னு ஒரு ரூம் கூட எடுத்ததில்ல. வீட்டுக்கு வர்ற நேரம் போற நேரம் மட்டும் ஒழுங்கு இருக்காது, வேலை அப்படி. சமைப்பாளா? அண்டா அண்டாவா சமைப்பா, ஒத்த ஆளுக்கு எவ்வளவு அரிசி போடறதுன்னு கேட்டா முழிப்பா. முதல் நாள் பொங்கற சோத்துல நீங்களும் ஜட்ஜும் தெருவும் சாப்பிடலாம். குடிக்கறதா? டீ குடிப்பா, அது கழுவின தண்ணியா இருந்தாலும் குடிப்பா. வாய் நீளம். அது ஒண்ணுதான் குறைன்னு சொல்லணும்.

அவ எதுக்கு இத்தனை வருஷம் வீடு எடுக்காம இருந்தாளா? சரியாத்தான் பிடிக்கறீங்க. கேட்டா நேரமில்லம்பா. மத்தவங்க போகட்டும், நான் கடைசியாப் போறேன்னுவா. கேக்கறதுக்கு நல்லா இருக்கும், கேட்டவங்க எல்லாரும் ஆஹா என்ன மனசுன்னு மெச்சிக்குவாங்க. சும்மாக்கா. பயம். ஒரு தடவை வாசல்ல போய் நின்னு, உள்ளேயிருந்து வேற முகம் எட்டிப் பாத்துட்டா, அப்புறம் கால் எந்த வாசலுக்கும் ஏறாது. வீடு எடுத்தாத்தானே கைய விட்டுப் போகும், எடுக்காமலே இருந்துட்டா? படுக்க ஸ்டோர் ரூம்ல போர்வை அடுக்கற ரேக்குக்குக் கீழ ஒரு மடக்குக் கட்டில் இருக்கு, குளிக்கப் பொதுக் குழாய் இருக்கு, ராத்திரி பூரா ஆள் நடமாட்டம் இருக்கு. அது போதும்னு இருந்துட்டா.

அவள எப்ப கூட்டிட்டு வர்றதா? ஏன்க்கா, மூஞ்சியப் பாத்துட்டுத்தான் குடுப்பீங்களா? அப்ப நல்லாப் பாத்துக்கோங்க. வந்ததுலேருந்து வாய் ஓயாம உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கறது அவதான்.

ஆமாக்கா. நான்தான். ஊரு பூரா வீடு வாங்கிக் குடுக்கற டைரக்டருக்கு வீடு கெடையாது. வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும். ஆபீஸ்ல எல்லாரும் நான் எல்லாருக்கும் கடைசியா வீட்டுக்குப் போறேன், எல்லாருக்கும் முன்னாடி வந்துடறேன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. ஜட்ஜுகிட்டதான் ஏமாத்த முடியல. ஊருக்கெல்லாம் சாவி குடுக்கறியே, உன் சாவி எங்கன்னு கேட்டாரு. இடுப்புல இருந்த கொத்த எடுத்துக் காட்டினேன். இது ஆபீஸ், இது ஸ்டோரு, இது சமையல்கட்டு, இது கேட்டு. இதுல வீட்டுச் சாவி எதுன்னாரு. பேச்ச மாத்தி, மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். அந்த ஆக்ஸிஜன் மாஸ்க்க மூஞ்சியிலேருந்து கழட்டிட்டு தீர்ப்பச் சொல்லிட்டாரு. நீ ஒரு கதவுக்குள்ள போனா நானும் போறேன். நீ போகலியா, ரெண்டு பேரும் இப்படியே இருப்போம், யாரு முதல்ல சாவறாங்கன்னு பாத்துடலாம்னு. எவ்வளவு கொழுப்பு பாருங்க அந்த மனுஷனுக்கு. அவரப் பொழைக்க வைக்கணும்னா நான் வீட்டுக்குப் போகணுமாம்.

என்னக்கா, ஏன் கண்ணத் தொடைக்கறீங்க, நல்லாத்தானே போயிக்கிட்டு இருந்துச்சு பேச்சு. என்ன சொன்னீங்க? ரெண்டுமா? உங்க பையன்கிட்ட நீங்களே பேசிக்கறீங்களா? ஐயோ, நில்லுங்க, நான் எழுந்துக்கறேன், இத எல்லாம் படுத்துக்கிட்டே கேட்டா மரியாதையா இருக்காது. எதிர்ல இருக்கற அந்த முன்பக்க ரூம் எனக்கு வேணாம், அது ஜட்ஜுக்கு இருக்கட்டும், தெருவப் பாத்துத் தீர்ப்புச் சொல்லிக்கிட்டு கெடப்பாரு. எனக்கு இது போதும். இது ரொம்ப நல்லா இருக்கு.

ஒண்ணு கேக்கட்டுமாக்கா? கேட்டுட்டு சிரிக்கக் கூடாது. அண்ணன் வீட்டுல நான் முதல்ல படுத்துடுவேன், அண்ணிதான் எல்லாத்தையும் பூட்டிட்டு வந்து லைட்ட அணைப்பாங்க. பஸ் ஸ்டாண்டுல லைட்ட அணைக்கவே மாட்டாங்க. எங்க இடத்துலயும் அப்படித்தான், விடிய விடிய எரியும். இங்க சுவிச்சு கதவுகிட்ட இருக்கு, கட்டிலப் போட்டா அந்த மூலையிலதான் போடணும். ராத்திரி லைட்ட அணைச்சதும், அந்த இருட்டுல, தனியா, கட்டில் வரைக்கும் எப்படிக்கா நடந்து போவீங்க?